கெடு யாருக்கு? காணொளி வேலைக்கு அட்டவணை போடும் நான்கு வழிகள்

2025 செப்டம்பர் கடைசி வாரம், நள்ளிரவு பன்னிரண்டரை மணி. வாட்ஸ்அப்பில் இரண்டு நிமிடம் பதினான்கு விநாடிக்கு ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது. அனுப்பியவர் இங்கே சிங்கப்பூரில் தேக்கா பக்கம் புடவைக்கடை வைத்திருப்பவர். தீபாவளிக்கு முப்பது விநாடி விளம்பரம் ஒன்றை எங்களிடம் கொடுத்துவிட்டு, கொள்முதலுக்குக் காஞ்சிபுரம் போயிருந்தார். அங்கே மணி பத்துதான். சாப்பாடு முடித்துத் தெம்பாகப் பேசினார்: "தம்பி, படம் ரொம்ப நல்லா வந்திருக்கு. ஒரே ஒரு சின்ன மாத்தம். கடைசில அந்தப் பொண்ணு கட்டிட்டு வருதுல்ல அரக்குச் சேல, அத எடுத்துட்டு மயில்கழுத்துக் கலர் வச்சிருங்க. இன்னிக்குத்தான் வாங்கினேன், பிரமாதமா இருக்கு."

சேலை காஞ்சிபுரத்தில். படப்பிடிப்பு முடிந்து பத்து நாள். நடித்த பெண் பாலிடெக்னிக் மாணவி, மறுபடி நாள் ஒதுக்க முடியாது என்று முன்பே சொல்லிவிட்டார். நாங்கள் ஒப்படைக்க வேண்டிய தேதி அக்டோபர் 3, வெள்ளிக்கிழமை.

மறுநாள் காலையில் நான் அனுப்பிய கொட்டேஷனை எடுத்துப் பார்த்தேன். நேரத்தைப் பற்றி அதில் இருந்தது ஒரே வரி: 'அக்டோபர் 3-க்குள் ஒப்படைக்கப்படும்.' அவ்வளவுதான். எந்தச் சேலை என்பதை எந்தத் தேதிக்குள் முடிவு செய்ய வேண்டும் என்று அவரிடம் யாருமே சொல்லவில்லை. என் வேலைக்கு மட்டும் கெடு வைத்திருந்தேன். அவர் கையில் இருந்த நாள்களுக்குக் கெடுவே இல்லை. பிறகு எப்படி அவர்மேல் கோபப்படுவது?

அதிலிருந்து ஒவ்வொரு வேலைக்கும் எந்த மாதிரி அட்டவணை போடுவது என்று கொஞ்சம் யோசித்துத்தான் எழுதுகிறேன். எங்களுடையது மூன்று பேர் நிறுவனம், எடிட்டர் ஒருவர். பெரிய ஸ்டூடியோக்களின் கணக்கு வேறாக இருக்கலாம். இங்கே சின்ன அளவில் காணொளி எடுப்பவர்களும், அவர்களிடம் வேலை கொடுப்பவர்களும் பெரும்பாலும் நான்கு வழிகளில் ஒன்றைத்தான் பிடிக்கிறார்கள். சில சமயம் பிடித்ததே தெரியாமல்.

ஒற்றைத் தேதி

முதல் வழி, நான் மேலே செய்ததுதான். கடைசி நாள் ஒன்றைச் சொல்லிவிட்டு நடுவில் நடப்பதை நடக்கும்போது பார்த்துக்கொள்வது. இதைக் கேலி செய்ய மாட்டேன். சமூக மன்றத்தில் ஒரு நிகழ்ச்சி, சனிக்கிழமை படம் பிடித்து அடுத்த வியாழன் இரண்டு நிமிடத் தொகுப்பு கொடுக்க வேண்டும் என்றால் இதற்குமேல் எதுவும் தேவையில்லை. ஐந்து நாள் வேலைக்குப் பத்து வரி அட்டவணை அனுப்பினால், அதைப் படிக்கிற நேரத்தில் வேலையே முடிந்துவிடும்.

வேலை மூன்று வாரத்தைத் தாண்டினால்தான் இது கடிக்கும். கொடுத்த நேரம் முழுவதையும் நிரப்பும்படி வேலை விரிந்துகொண்டே போகும் என்று பார்க்கின்சன் 1955-ல் எழுதினார். அப்போது அவர் சிங்கப்பூரில்தான், அன்றைய மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தார் என்பது எனக்குப் பிடித்த தகவல். நம் ஊர் அலுவலகங்களைப் பார்த்துத்தான் எழுதினாரோ என்னவோ. காணொளி வேலையில் நான் கண்டது, விரிவது எடிட்டிங் அல்ல. கதை வரைவைப் படிப்பது விரியும். "பார்த்துட்டுச் சொல்றேன்" விரியும். கடைசித் தேதி மட்டும் நகராது. முன்னால் போன நாள்கள் எல்லாம் எடிட்டரின் கடைசி இரண்டு இரவுகளில் வந்து குவியும்.

பின்னாலிருந்து எண்ணுவது

திருவிழா, திறப்பு விழா, பொருள் அறிமுகம் என்று நகராத நாள் ஒன்று இருந்தால், அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவதுதான் சரி. இதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஆனால் முழுதாக எண்ண வேண்டும். அரைகுறையாக எண்ணினால் ஒற்றைத் தேதியைவிட மோசம், ஏனென்றால் திட்டம் இருக்கிறது என்ற தைரியம் மட்டும் வந்துவிடும்.

2026-ல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. புடவைக்கடைக்கு அன்றைக்கு விளம்பரம் ஓடி என்ன பயன்? சிராங்கூன் சாலையில் விளக்கு போட்டுக் கூட்டம் சேரும் வாரங்களில் ஓட வேண்டும். அக்டோபர் 9, வெள்ளிக்கிழமை வெளியீடு என்று வைத்துக்கொள்வோம். கோப்புகள் எல்லா அளவிலும் தயாராக இருக்க வேண்டியது 7-ஆம் தேதி, புதன். கடை முதலாளி கடைசியாகச் சரி சொல்ல வேண்டியது 6, செவ்வாய். இரண்டாம் திருத்தக் கருத்து அக்டோபர் 2. அதற்கு இரண்டாம் வெட்டு, அதாவது எடிட் செய்த படத்தின் இரண்டாம் வடிவம், அவர் கைக்குப் போக வேண்டியது செப்டம்பர் 30. முதல் வெட்டுக்கு அவர் கருத்து 28, திங்கள். முதல் வெட்டை நாங்கள் அனுப்புவது 24, வியாழன். படப்பிடிப்பு 16, புதன். மழை பெய்தால் 17. சேலை, நகை, நடிப்பவர், லொக்கேஷன் எல்லாம் முடிவாகி, கதை வரைவுக்கு ஒப்புதல் வர வேண்டியது செப்டம்பர் 4. வரைவு அவருக்குப் போவது ஆகஸ்ட் 26. அப்படியென்றால் முதல் சந்திப்பு ஆகஸ்ட் 17, திங்கள்.

ஆகஸ்ட் 9 தேசிய தினம் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். அந்த நேரத்தில் எந்தக் கடைக்காரரும் தீபாவளி விளம்பரத்துக்குக் கூப்பிடுவதில்லை. செப்டம்பர் இருபதுக்கு மேல்தான் போன் வரும். பின்னாலிருந்து எண்ணுவதன் பெரிய லாபம் இங்கேதான் இருக்கிறது. தொடங்கியிருக்க வேண்டிய நாள் தாண்டிப்போய்விட்டது என்பது கையெழுத்துப் போடுவதற்கு முன்பே தெரிந்துவிடும். அப்போது நாள்களைக் கூட்ட முடியாது, வேலையைக் குறைக்கலாம். மூன்று லொக்கேஷன் வேண்டாம், கடைக்குள்ளேயே எடுப்போம். நடிகர் வேண்டாம், சேலையை மடித்து விரிக்கும் கைகள் போதும். இந்தப் பேச்சைச் செப்டம்பர் 20-ல் பேசினால் அது யோசனை. அக்டோபர் 1-ல் பேசினால் சண்டை.

நம் அட்டவணையில் நம்முடைய கடிகாரம், வாடிக்கையாளருடைய கடிகாரம் போக மூன்றாவதாக ஒன்றும் ஓடும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் ஒரு காட்சி என்றால் நகர மன்றத்திடம் கேட்க வேண்டும். பூங்கா என்றால் தேசியப் பூங்காக் கழகம். ட்ரோன் பறக்க வேண்டுமென்றால் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம். 250 கிராமுக்கு மேல் எடையுள்ள ட்ரோனைப் பதிவு செய்திருக்க வேண்டும், தொழிலுக்காகப் பறக்கவிட அனுமதி தனி. இவர்கள் யாரும் நம் தீபாவளிக்காக வேகமாக ஓடப்போவதில்லை. எஃப்1 கார் பந்தய வாரத்தில் மரினா பே பக்கம் சாலைகள் மூடியிருக்கும். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை நாள் கணக்கில் நின்று பெய்யும். அக்டோபர், நவம்பரில் மதியத்துக்குமேல் இடி மழைக்கு வாய்ப்பு அதிகம் என்பதால் வெளிப்புறக் காட்சிகளைக் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது.

ஆண்டின் முதல் மூன்று மாதங்கள் இன்னும் நெருக்கடி. 2026-ஐயே பாருங்கள்: பிப்ரவரி 17, 18 சீனப் புத்தாண்டு, அதை ஒட்டிப் பல வாடகைக் கடைகளும் ஸ்டூடியோக்களும் கூடுதலாகச் சில நாள் மூடியிருக்கும். மார்ச் 21 நோன்புப் பெருநாள். அதற்கு முந்திய மாதம் முழுக்க நம் குழுவில் நோன்பிருப்பவர்கள் இருந்தால் மாலை ஏழேகால் வாக்கில் படப்பிடிப்பை நிறுத்தித்தான் ஆக வேண்டும். மார்ச் 31 அரசாங்க நிதியாண்டு முடிவு, அதற்குள் பில் அனுப்பச் சொல்லி எல்லாத் திசையிலிருந்தும் மின்னஞ்சல் வரும். வெற்று நாள்காட்டியில் மூன்று மாதம் தெரியும். இவற்றையெல்லாம் அடித்துப் பார்த்தால் ஏழெட்டு வாரம் தேறினால் அதிகம்.

தமிழ் ஏன் கடைசியில் வருகிறது

நான்கு மொழிக் காணொளிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இது நம்முடைய பிரச்சினை. ஒரு பொது அறிவிப்புக் காணொளி ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் நான்கிலும் வர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான அட்டவணையில் ஆங்கிலப் பதிப்பு முதலில் முடியும், படம் லாக் ஆகும் (இனிக் காட்சிகளின் நீளம் மாறாது), பிறகு மற்ற மொழிகள். தமிழ் வாசகம் வியாழன் சாயங்காலம் வரும், வெள்ளி காலை ஒப்படைக்க வேண்டும்.

தமிழ் வாக்கியம் ஆங்கிலத்தைவிட நீளம். 'டேர்ம்ஸ் அப்ளை' என்று ஒரு விநாடியில் சொல்லிவிட்டுப் போவதை 'விதிமுறைகளுக்கும் நிபந்தனைகளுக்கும் உட்பட்டது' என்று சொல்லி முடிக்க மூன்று விநாடி வேண்டும். முப்பது விநாடிப் படத்தில் இந்த மாதிரி ஐந்து இடம் இருந்தால், குரல் கொடுப்பவர் பந்தயக் குதிரை மாதிரி ஓடுவார். கேட்பவர்களுக்கு ஒன்றும் புரியாது. பிறகு, 'தமிழ்ப் பதிப்பு மட்டும் ஏன் இப்படி இருக்கிறது' என்று கேட்பார்கள்.

எழுத்தும் அப்படித்தான். எடிட்டிங் மென்பொருளில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைப் போடாமல் விட்டால் ஒற்றைக் கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து நிற்கும். 'கொண்டாட்டம்' என்று தட்டினால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். தமிழ் தெரியாத எடிட்டருக்கு இது தெரியவே தெரியாது, எல்லாம் ஒரே மாதிரி வளைவாகத்தான் தெரியும். ஆகவே ரெண்டர் ஆகி முழுக் கோப்பாக வந்த பிறகு தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் திரையில் முழுதாக ஒருமுறை ஓடவிட்டுப் பார்க்க அரை நாள் வேண்டும். அந்த அரை நாளை அட்டவணையில் தனி வரியாக எழுதாவிட்டால் அது கிடைக்காது.

எங்கள் தீர்வு எளிமையானது. தமிழ் வாசகம் வருவதற்கான தேதியைப் படம் லாக் ஆவதற்கு முன்னால் வைப்போம், பின்னால் அல்ல. நான்கு மொழியிலும் நீளமானது எதுவோ அதற்கு இடம் விட்டுத்தான் காட்சிகளை வெட்டுவோம். இதை முதல்முறை கேட்டபோது ஒரு வாடிக்கையாளர் முகம் சுளித்தார். மொழிபெயர்ப்பாளரை ஒரு வாரம் முன்கூட்டியே பிடிக்க வேண்டுமே என்றார். பிடித்தார். இரண்டாவது வேலையில் அவராகவே அந்த வரியைக் கேட்டு வாங்கினார்.

தேதி இல்லாமல் நாள் கணக்கு

எல்லா வேலைக்கும் திருவிழா இருப்பதில்லை. ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலைக்குப் பாதுகாப்புப் பயிற்சிக் காணொளி, ஒரு நிறுவனத்தின் அறிமுகப் படம் மாதிரியானவை எப்போது முடிந்தாலும் யாருக்கும் தலை போகாது. இங்கே தேதி வைத்தால் அது பொய்த் தேதி. அதற்குப் பதில், 'எல்லாப் பொருளும் எங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து பத்து வேலை நாளில் முதல் வெட்டு, உங்கள் கருத்து வந்த நாளிலிருந்து ஐந்து வேலை நாளில் இரண்டாம் வெட்டு' என்று எழுதுவது மூன்றாவது வழி. யாருடைய தாமதம் யாருடைய நாளைத் தின்கிறது என்பதில் குழப்பம் வராது. அவர்கள் மூன்று வாரம் மௌனமாக இருந்தாலும் என் ஐந்து நாள் எனக்கு அப்படியே இருக்கும்.

நியாயமான முறை. எனக்குப் பிடித்த முறையும் இதுதான். ஆனால் பணப்பையைப் பதம் பார்க்கும் முறையும் இதுதான். ஒரு வேலையை ஏப்ரலில் தொடங்கினோம். முதல் வெட்டு ஒன்பதாம் நாளே போய்விட்டது. கருத்து இரண்டு நாளில் வரும் என்றார்கள். இரண்டு வாரம் கழித்துக் கேட்டால், "பெரியவர் இன்னும் பாக்கல." ஜூனில் கேட்டால், எங்களோடு பேசிக்கொண்டிருந்த அதிகாரி வேலையை விட்டுப் போய்விட்டார். புதிதாக வந்தவர் கதை வரைவையே பார்த்திருக்கவில்லை. முதலிலிருந்து பேசலாம் என்றார். கடைசித் தவணை அக்டோபரில் வந்தது. நாள் கணக்குப்படி நாங்கள் ஒரு நாளும் தவறவில்லை, அவர்களும் எழுத்தின்படி தவறவில்லை. ஆறு மாதம் போனது மட்டும் உண்மை.

இன்னொரு சிக்கல், நாள் என்றால் என்ன நாள்? ஷென்டன் வே மாதிரி வர்த்தக வட்டார அலுவலகத்துக்குச் சனி, ஞாயிறு கிடையாது. தேக்காவில் கடை வைத்திருப்பவருக்கு ஞாயிறுதான் வாரத்திலேயே பரபரப்பான நாள், அன்றைக்கு நம் படத்தைப் பார்க்க அவருக்கு நேரமில்லை. திங்கள் மத்தியானம்தான் உட்காருவார். 'மூன்று நாளில்' என்று எழுதினால் இருவரும் இரண்டு விதமாக எண்ணுவார்கள். 'வெள்ளிக்குள்' என்பதும் அப்படித்தான். வெள்ளி காலை ஒன்பது மணியா, இரவு பதினொன்று ஐம்பத்தொன்பதா? (நம் ஊரில் வெள்ளி என்றால் காசும்கூட. இந்த வெள்ளி தவறினால் அந்த வெள்ளியும் தள்ளிப்போகும்.) இப்போது மணியோடு எழுதுகிறேன்: திங்கள் மாலை 6 மணி.

மேசை நாள்

நான்காவது வழியைச் சின்னக் குழுக்கள் வேறு வழியில்லாமல்தான் கண்டுபிடிக்கின்றன. எடிட்டர் ஒருவர், மேசை ஒன்று. ஒரு வேலைக்கு இன்ன வாரம் திங்கள் முதல் வியாழன் வரை மேசை என்று ஒதுக்கிவிடுவது. அந்த நான்கு நாளில் உங்கள் கருத்து வந்தால் உடனே திருத்துவோம். வராவிட்டால் மேசை அடுத்தவருக்குப் போகும். உங்களுக்கு அடுத்து எந்த நாள் காலியோ அந்த நாள்.

இதை விளக்குவதுதான் கஷ்டம். "நான் மூணு நாள்தான தம்பி லேட்டு, நீங்க ஏன் ஒம்பது நாள் தள்றீங்க?" என்று புடவைக்கடைக்காரர் கேட்டிருக்கிறார். "அண்ணே, பாலிகிளினிக்ல உங்க நேரத்துக்கு நீங்க போகலன்னா, அடுத்த ஆள உள்ள கூப்பிட்டுடுவாங்கல்ல" என்றேன். ஒத்துக்கொண்டார். ஆனால் எல்லாருக்கும் இந்தப் பதில் எடுபடாது. காசு கொடுக்கிறவன் நான், உன் மேசைக்கு நான் காத்திருக்க வேண்டுமா என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்கள் நினைப்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அதனால் மேசை நாளை முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டும். தாமதம் ஆன பிறகு சொன்னால் அது தண்டனை மாதிரித் தெரியும்.

இந்த முறையில் எடிட்டரின் மூளையும் காப்பாற்றப்படுகிறது. ஒரே நாளில் மூன்று வேலைக்கு மாறி மாறி உட்கார்ந்தால் மூன்றிலும் இரண்டாந்தரம்தான் வரும். எங்கள் எடிட்டர் ஒருமுறை, "அண்ணே, திருமண வீடியோவுல தொழிற்சாலை மியூசிக் போட்டுட்டேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பொய்க் கெடு வைக்கலாமா?

இந்தத் தொழிலில் பலரும் செய்வது ஒன்று உண்டு. உண்மையில் 9-ஆம் தேதி வேண்டும், வாடிக்கையாளரிடம் 5 என்று சொல்வது. நான்கு நாள் பையில். நானும் செய்திருக்கிறேன். முதல் வேலையில் பலிக்கும். இரண்டாவது வேலையில், "போன தடவயும் அஞ்சுன்னீங்க, எட்டாம் தேதி குடுத்தேன், ஒண்ணும் ஆகலயே" என்பார்கள். அதற்குப் பிறகு நீங்கள் உண்மையான தேதியைச் சொன்னாலும் அவர்கள் மனதுக்குள் நான்கு நாள் கூட்டிக்கொள்வார்கள்.

அந்த நான்கு நாளை ஒளித்து வைக்காமல் வெளியே எழுதிவிடுவது மேல் என்பது என் கருத்து. 'மழை நாள்: செப்டம்பர் 17'. 'கையிருப்பு நாள்: அக்டோபர் 5'. இதைப் பார்த்தால் வாடிக்கையாளர் எடுத்துக்கொள்வார் என்று பயப்படுவோம். சிலர் எடுக்கவும் செய்கிறார்கள். ஆனால் எடுக்கும்போது, "கையிருப்பு நாள எடுத்துக்கறேன்" என்று சொல்லி எடுக்கிறார்கள். ஒருமுறை எடுத்தால் தீர்ந்தது என்று அவர்களுக்கே தெரிகிறது.

எதில் எழுதுவது, காசு எப்போது

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ட்ரெல்லோ, ஆசனா, நோஷன், பட்டை பட்டையாக நீளும் கான்ட் அட்டவணை எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. நமக்குள் வைத்துக்கொள்ள எதுவும் நல்லதுதான். வாடிக்கையாளர் திறந்து பார்க்க மாட்டார். அவருக்குக் கடவுச்சொல் இன்னொன்று வேண்டாம். ஒரு கூகுள் ஷீட், நான்கே நெடுவரிசை: என்ன, யார், எந்தத் தேதி எத்தனை மணி, முடிந்ததா. 'யார்' என்ற வரிசைதான் உயிர். அதில் 'வாடிக்கையாளர்' என்று எழுதக்கூடாது, ஆளின் பெயர் இருக்க வேண்டும். திங்கள் காலை அந்த வாரத்துக்கான இரண்டு வரியை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறோம்.

திருத்தங்களுக்கு ஃபிரேம்.ஐஓ மாதிரி இடத்தில் விநாடியைச் சுட்டிக்காட்டிக் கருத்து எழுதலாம், அலுவலகக்காரர்கள் அதைப் பழகிக்கொள்கிறார்கள். குரல் பதிவு அனுப்புகிற அண்ணன்களைப் பழக்க முயல்வது வீண். அவர் பேசியதை நாங்களே விநாடி விநாடியாகத் தட்டி, 'இந்த ஆறும்தானே?' என்று திருப்பி அனுப்பிச் சரி வாங்கிக்கொள்கிறோம். பத்து நிமிட வேலை, அரை நாள் சண்டை மிச்சம்.

காசு விஷயத்தில் ஒரே ஒரு மாற்றம் பெரிய வித்தியாசம் செய்தது. முன்பு கடைசித் தவணையை 'இறுதி ஒப்புதல் கிடைத்ததும்' என்று எழுதுவோம். ஒப்புதல் தராமல் இருப்பது அவர்களுக்கு லாபமாகிவிட்டது. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, ஆனால் அவசரமும் இருப்பதில்லை. இப்போது 'இறுதி ஒப்புதல் அல்லது இரண்டாம் வெட்டு அனுப்பியதிலிருந்து 14 நாள், எது முதலில் வருகிறதோ அது' என்று எழுதுகிறோம். 

அப்படியானால் எது?

நகராத நாள் உண்டா என்பதுதான் முதல் கேள்வி. உண்டு என்றால் பின்னாலிருந்து எண்ணுங்கள், நாள் கணக்கின் பக்கமே போகாதீர்கள். தீபாவளிக்கு 'கருத்து வந்ததிலிருந்து ஐந்து நாள்' என்று எழுதியவர் தீபாவளிக்கு மறுநாள் விளம்பரம் கொடுத்தாலும் ஒப்பந்தப்படி சரியாகத்தான் இருப்பார். அந்தச் சரி யாருக்கு வேண்டும்?

நகராத நாள் இல்லை என்றால் நாள் கணக்கு, ஆனால் மூடும் தேதி ஒன்றோடு. 'முதல் வெட்டு அனுப்பி 45 நாளில் கருத்து வராவிட்டால் வேலை முடிந்ததாகக் கொள்ளப்படும், மறுபடி திறக்கத் தனிக் கட்டணம்' என்று எழுதினால் முதலில் கொஞ்சம் கடுமையாகத் தெரியும். அதை வாய்விட்டுப் படித்துக்காட்டி, ஏன் என்று சொன்னால் பெரும்பாலோர் தலையாட்டிவிடுகிறார்கள். ஒப்புதல் தருகிறவர் ஒருவருக்குமேல் இருந்தால், பெரியவர் எந்தச் சுற்றில் பார்ப்பார் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடைசிச் சுற்றில்தான் பார்ப்பார் என்றால் அதுதான் உங்களுக்கு முதல் சுற்று.

ஒரே எடிட்டரை வைத்துக்கொண்டு ஒரே மாதத்தில் மூன்றுக்குமேல் வேலை எடுத்தால், மேலே எந்த முறை இருந்தாலும் அடியில் மேசை நாள் ஓடியே தீரும். எழுதினாலும் எழுதாவிட்டாலும் அது இருக்கும். ஒரு வாரத்துக்குள் முடிகிற வேலைக்கு ஒற்றைத் தேதி போதும், சும்மா மெனக்கெட வேண்டாம்.

வேலை கொடுக்கும் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒன்று. உங்களுக்கு வரும் கொட்டேஷனில் ஒரே ஒரு தேதி இருந்தால், "நான் எதை, எந்தத் தேதிக்குள் தரணும்?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல முடியாதவர் படம் நன்றாகவே எடுக்கலாம். கடைசி வாரம் மட்டும் உங்கள் தூக்கமும் போகும்.

மயில்கழுத்துச் சேலை என்ன ஆனது என்று கேட்பீர்கள். அவர் ஊர் திரும்பியதும் சேலையை மேசைமேல் விரித்து, மேலிருந்து மூன்று விநாடி எடுத்து, அரக்குச் சேலைக் காட்சிக்கு முன்னால் செருகினோம். கடை ஊழியர் அக்கா ஒருவர் முந்தியைப் பிரித்து விரித்தார். உண்மையைச் சொன்னால் படத்திலேயே அழகான இடம் அதுதான். அக்டோபர் 3 மாலை ஏழு மணிக்குக் கோப்பு போனது. எடிட்டர் முந்திய இரண்டு இரவும் வீட்டுக்குப் போகவில்லை.

இந்த ஆண்டு அட்டவணையை அவருக்கு ஜூலையிலேயே அனுப்பிவிட்டேன். "இப்பவே தீபாவளியா தம்பி?" என்றார். செப்டம்பர் 4-க்கு நேராக 'சேலைகள் முடிவு' என்று எழுதி, பக்கத்தில் அவர் பெயரைப் போட்டிருக்கிறேன். காஞ்சிபுரம் போகும் தேதிகளுக்கு ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன். நீலக் குறி இரண்டும் விழுந்துவிட்டன. வரி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.